பல்வலி என்று போன இடத்தில்

என் கணவரின் அண்ணன் நத்தத்தில் ஒரு காதுகுத்து விருந்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தவர், நெஞ்சு கரிக்கிறது என்று ஒரு சோடா வாங்கிக் குடித்தார். "வாயுதான். செத்த நேரம் உக்காந்தா சரியாப் போயிரும்" என்றார். பந்தலுக்கு வெளியே புளியமரத்து நிழலில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்கள் அந்த வருஷத்து மாங்காய்க் காய்ப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவரும் இடையிடையே பதில் சொன்னார். பிறகு பதில் வரவில்லை. தூங்கிவிட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பந்தலுக்குள் இன்னும் ஒரு பந்தி நடந்துகொண்டிருந்தது.

ஐம்பதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது அவருக்கு. மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுப்பவர். ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை என்பதைப் பெருமையாகச் சொல்வார். கருமாதி முடிந்து திண்டுக்கல்லுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் என் கணவரைப் பக்கவாட்டில் பார்த்தேன். அண்ணனின் அதே உடல்வாகு, அதே தொந்தி. சட்டைப் பையில் அதே சிகரெட் பாக்கெட். 

என் கணவர் செம்பட்டியில் தேங்காய் மண்டி வைத்திருக்கிறார். காலையில் போய் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். நடுவில் டீ, வடை, சிகரெட். ராத்திரி பாதி நாள் புரோட்டா. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி இல்லையென்றால் அது ஞாயிற்றுக்கிழமையே இல்லை. நான் வடமதுரையில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை. அதனால் அவர் பகலில் என்ன தின்கிறார் என்பது எனக்குச் சட்டைக் கறையைப் பார்த்துத்தான் தெரியும்.

அந்த வாரமே அவரை ஊருக்குள் இருக்கும் ஓர் இதய மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். ரத்த அழுத்தம் கூடியிருந்தது, கொழுப்பும் கூடியிருந்தது. இதயத்துக்கு இன்னும் சேதம் இல்லை என்றார் மருத்துவர்.

"அண்ணனுக்கு இப்படி ஆயிருக்கு. இவரு சிகரெட்ட இன்னைக்கே விடணும். உப்பு, எண்ணெய் குறைக்கணும். காய்கறி நிறைய. தினம் நடக்கணும். மாத்திரைய நிறுத்தவே கூடாது" என்றார் என்னைப் பார்த்து. என் கணவர் சுவரில் ஒட்டியிருந்த இதயப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அதைப் பள்ளிக்கூடத்துக் கால அட்டவணைபோல எடுத்துக்கொண்டேன். விடியும் முன் எழுந்து அவரை எழுப்பி நடக்க அனுப்புவேன். முனகிக்கொண்டே செருப்பை மாட்டுவார். அவர் மலைக்கோட்டைப் பக்கம் போய்த் திரும்பி வருவதற்குள் நான் இரண்டு சமையல் முடிக்க வேண்டும். அவருக்கு உப்புக் குறைந்த குழம்பு ஒரு சட்டியில், எனக்கும் மகளுக்கும் வழக்கமான குழம்பு இன்னொரு சட்டியில். அவருக்குக் கீரை, இரண்டு காய் வெஞ்சனம், கொஞ்சம் சுண்டல் எல்லாம் டிபன் கேரியரில் அடுக்குவேன். தண்ணீர் வரும் நாளென்றால் குடங்களையும் நிரப்ப வேண்டும். பிறகு குளித்து, வடமதுரை பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும்.

சிகரெட்தான் பெரும்பாடு. சட்டைப் பையில் பாக்கெட் இருந்த இடத்தில் சோம்புப் பொட்டலம் வந்தது. மண்டியில் எல்லாரும் கேலி செய்ததாகச் சொன்னார். "பொண்டாட்டிக்குப் பயந்து சோம்பு மெல்லுறாருன்னு சொல்றாய்ங்க."

"சொல்லட்டும். அவிங்க வந்து உங்களத் தூக்கப்போறாய்ங்களா?"

இரண்டு தடவை விட்டு, இரண்டு தடவை திரும்பப் பிடித்து, மூன்றாம் தடவை நிஜமாகவே விட்டார். அடுத்த வருஷம் அவருடைய பேன்ட்டுகளை எல்லாம் தையல்காரரிடம் கொடுத்து இடுப்பைப் பிடிக்க வேண்டியிருந்தது. மருத்துவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டம்மாவுக்குத்தான் நன்றி சொல்லணும்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. ஒரு மனிதரைச் சாவின் கையிலிருந்து பிடுங்கிக் கொண்டுவந்துவிட்டதுபோல இருந்தது.

அதற்குச் சில மாதங்கள் கழித்து எனக்குப் பல் வலிக்க ஆரம்பித்தது.

கீழ்த்தாடையில், இடது பக்கம். பள்ளியில் மாடி வகுப்புக்குப் படியேறும்போது தொடங்கும். குத்துவதுபோல இல்லை. யாரோ தாடையைப் பிடித்து மெதுவாக அழுத்துவதுபோல இருக்கும். வகுப்பில் போய் உட்கார்ந்து வருகைப் பதிவு எடுத்து முடிப்பதற்குள் போய்விடும். கடைவாய்ப் பல்லில் சொத்தை என்று முடிவு செய்துகொண்டேன். கிராம்பு வைத்தேன், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். பஸ்ஸுக்கு ஓடும்போதும் வந்தது. குடம் தூக்கும்போதும் வந்தது. கூடவே ஒரு அசதி. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பையைக் கீழே வைக்கக்கூடத் தெம்பு இருக்காது. மாதவிலக்கு நிற்கிற வயது, அப்படித்தான் இருக்கும் என்று ஆசிரியர் அறையில் எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் அது சரியென்றே பட்டது.

அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் பல் மருத்துவரிடம் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது கிளினிக். செங்குத்தான படிகள். ஏறும்போதே வலி வந்துவிட்டது. நல்லதாகப் போயிற்று, கையோடு காட்டிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் என் முறை வந்து நாற்காலியில் சாய்வதற்குள் வலி போயிருந்தது.

பல் மருத்துவர் இளம்பெண். என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவளாக இருப்பாள். ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தாள். ஊசிபோலக் காற்றடித்துப் பார்த்தாள். ஒரு பல்லும் கூசவில்லை. சின்னதாக எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "பல்லெல்லாம் நல்லா இருக்கு டீச்சர்" என்றாள்.

"அதெப்படி, வலிக்குதே."

"எப்ப வலிக்கும்? சாப்பிடும்போதா, ஐஸ் தண்ணி குடிக்கும்போதா?"

"சாப்பிடும்போது ஒண்ணும் இல்ல. மாடி ஏறினா வலிக்கும். வேகமா நடந்தா வலிக்கும். உக்காந்தா போயிரும்."

அவள் கையிலிருந்த கருவியைத் தட்டில் வைத்தாள். "இப்ப இந்தப் படி ஏறி வந்தீங்களே, அப்ப வலிச்சதா?"

"ஆமா."

"இப்ப?"

"இல்ல."

கையுறையைக் கழற்றினாள். "கடைசியா எப்ப டீச்சர் பிபி பாத்தீங்க?"

நான் சிரித்தேன். "பிபி எங்க வீட்டுக்காரருக்கும்மா. எனக்கு அதெல்லாம் இல்ல."

அவள் சிரிக்கவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் பார்ப்பதற்காக ஒரு பிபி மிஷின் வைத்திருந்தாள். என் கையில் சுற்றினாள். எண்ணைப் பார்த்தாள். எதுவும் சொல்லாமல் அவிழ்த்து, கொஞ்சம் பொறுத்து, மறுகையில் சுற்றினாள். நானும் எட்டிப் பார்த்தேன். மேலே இருந்த எண் இருநூறை ஒட்டி நின்றது. என் கணவருக்கு மிகவும் மோசமாக இருந்தபோதுகூட அந்த எண்ணை நான் பார்த்ததில்லை.

"மிஷின் சரியா இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"மிஷின் சரியாத்தான் இருக்கு. நடந்தா வலிக்கிறதும் நின்னா போறதும் பல்லு பண்ற வேலை இல்ல டீச்சர். இதயத்துல ரத்தம் பத்தலைன்னா சில பேருக்கு நெஞ்சு வலிக்காது. தாடை வலிக்கும், முதுகு வலிக்கும், வெறும் அசதியா இருக்கும். பொம்பளைங்களுக்கு அப்படி வர்றது நிறைய. இப்பவே போய் ஈசிஜி எடுக்கணும். நீங்களா படி இறங்கக் கூடாது. வீட்டுக்காரர் நம்பர் சொல்லுங்க."

அவர் நம்பர் எனக்கு நினைவுக்கு வரவில்லை. இத்தனை வருஷமாக ஒரு நாளைக்குப் பல தடவை கூப்பிடும் நம்பர். போனை எடுத்து அவளிடமே நீட்டினேன். என் தலைக்குள் எது ஓடியது என்று யோசித்தால் இன்றும் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. இட்லிக்கு அரிசி ஊறப்போட்டிருக்கிறேனே, புளித்துப்போகுமே என்பதுதான் ஓடியது.

செம்பட்டியிலிருந்து அவர் எப்படி அத்தனை சீக்கிரம் வந்தார் என்று தெரியவில்லை. சட்டையில் தேங்காய் நாரோடு வந்தார். மருந்துக்கடைக்காரர் ஒரு நாற்காலி கொண்டுவர, இரண்டு பேராக என்னை அதில் உட்காரவைத்து இறக்கினார்கள். கீழே பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்த என் பள்ளி மாணவி ஒருத்தி "மிஸ்" என்று எழுந்து நின்றாள். அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றேன்.

என் கணவர் வழக்கமாகக் காட்டும் அதே இதய மருத்துவரிடம்தான் போனோம். நாங்கள் உள்ளே நுழைந்ததும் மருத்துவர் என் கணவரைப் பார்த்து, "என்ன, வலியா? படுங்க" என்று கட்டிலைக் காட்டினார்.

"எனக்கில்ல சார்" என்றார் என் கணவர்.

மருத்துவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. இத்தனை நாளும் அந்த அறையில் இருந்த ஒரு மேசையோ மின்விசிறியோ திடீரென்று பேசியதுபோலப் பார்த்தார்.

ஈசிஜி எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். காகிதச் சுருளை விரல்களுக்கு நடுவே வைத்து வெகுநேரம் பார்த்தார் மருத்துவர். பிறகு, "பிள்ளை உண்டாகி இருக்கும்போது பிபி இருந்துச்சா?" என்று கேட்டார்.

இருந்தது. மகள் வயிற்றில் இருக்கும்போது கால் இரண்டும் பானைபோல வீங்கி, பார்வை மங்கி, எட்டாம் மாதத்திலேயே அறுத்து எடுத்தார்கள். பிள்ளை பிறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். சரியாகிவிட்டது என்றுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

"அதுக்கப்புறம் எப்பவாவது பாத்தீங்களா?"

"இல்ல சார்."

"ஒரு தடவைகூடவா? பிரசவத்துல பிபி வந்தவங்களுக்குப் பின்னால இதய நோய் வர வாய்ப்பு கூடுதல். வருஷா வருஷம் பாத்துக்கிட்டே இருக்கணும்."

"யாரும் சொல்லல சார்."

அவர் காகிதச் சுருளை மேசையில் வைத்தார். "சொல்லியிருக்கணும்" என்றார்.

அந்த மேசையின் ஓரத்தில் பிபி மிஷின் இருந்தது. என் கணவருக்குத் துணையாக வந்த ஒவ்வொரு தடவையும் அதற்குப் பக்கத்து ஸ்டூலில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன். கையை நீட்டினால் எட்டும் தூரம். அவர் கையை வைப்பார், நான் அவருடைய துண்டைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.  எனக்குப் பயத்தைவிட, நம்ப முடியாமைதான் அதிகம் இருந்தது.

"என்ன சாப்பிடுவீங்க?" என்றார் மருத்துவர்.

நான் சொல்லத் தொடங்கினேன். காலையில் கம்பங்கூழ் அல்லது இரண்டு இட்லி, மத்தியானம் கீரையும் இரண்டு காயும்.

"அது அவருக்கு. உங்களக் கேக்குறேன்."

எனக்கு யோசிக்க வேண்டியிருந்தது. என் கணவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் பதில் தெரியாது. காலையில் நின்றுகொண்டே பிய்ந்துபோன இட்லிகளைத் தின்பேன். காயெல்லாம் கேரியரில் போய்விடுவதால் மத்தியானத்துக்குத் தயிர்ச்சோறும் ஊறுகாயும் மோர்மிளகாயும். அப்பளம் இருந்தால் அதுவும். ராத்திரி மிச்சம் மீதி, இல்லாவிட்டால் கருவாட்டுக் குழம்பு. சொல்லச் சொல்ல எனக்கே கேட்டது, எல்லாம் உப்பு.

"தூக்கம்?"

"பேப்பர் திருத்தி முடிச்சுப் படுத்தா, விடிய முன்ன எந்திரிக்கணும்."

"எப்ப நடப்பீங்க?"

"அவர அனுப்பிவிட்டிருவேன்" என்றேன்.

மருத்துவர் தலையைக் குனிந்துகொண்டார். என் கணவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார்.

ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம் என்றார். மறுநாளே மதுரையில் ஆஞ்சியோகிராம். மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டார்கள். எனக்கு முழு நினைவு இருந்தது. தலைக்கு மேலே இருந்த திரையில் என் இதயத்தின் ரத்தக்குழாய்கள் வேர்போலப் பரவித் தெரிந்தன. அவற்றில் ஒன்று, நடுவில் யாரோ மிதித்துக்கொண்டு நிற்கும் தோட்டத்து ரப்பர் குழாய்போல நசுங்கி இருந்தது. அங்கேயே குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். "இன்னும் கொஞ்ச நாள் பல்வலின்னே விட்டிருந்தீங்கன்னா" என்று தொடங்கிய மதுரை மருத்துவர் அதை முடிக்கவில்லை. எனக்குப் புளியமரத்து நிழலில் ஒரு நாற்காலி கண்ணில் வந்தது.

வெளியே வராந்தாவில் நடந்ததை மகள் பிறகு சொன்னாள். என் கணவர் சுவரில் சாய்ந்து நின்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். "கறியத் தின்னது நானு. சிகரெட்டு குடிச்சது நானு. அவளுக்கு எப்பிடிங்க?" 

ஊருக்குச் செய்தி போனதும் நடந்தது இன்னும் வேடிக்கை. மண்டிக்காரர் வீட்டில் ஹார்ட்டு என்று கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் அவருக்கென்றே எடுத்துக்கொண்டார்கள். சித்தி முறை ஒருவர் என் போனுக்கே கூப்பிட்டு, "தைரியமா இரும்மா, மாப்பிள்ளை எந்திரிச்சிருவாரு" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். கட்டிலில் படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நத்தத்திலிருந்து வந்த என் ஓரகத்தி, இறந்துபோன அண்ணனின் மனைவி, அறைக்குள் வந்து கட்டிலில் இருப்பது யார் என்று பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கா?" என்றார். "அம்புட்டுப் பேரும் அவனத்தான பாத்துக்கிட்டிருந்தோம்."

"நானும் அவரத்தான்க்கா பாத்துக்கிட்டிருந்தேன்" என்றேன்.

அவர் என் காலடியில் உட்கார்ந்து வெகுநேரம் பாதத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்த முதல் நாளே என் கணவர் சமையலறைக்குள் போனார். வழக்கமான குழம்புக்கு நான் வைத்திருந்த சட்டியைக் கவிழ்த்து மேலே ஏற்றினார். "இனிமே ஒரே சட்டிதான். எனக்கு ஆகாதது உனக்கு மட்டும் ஆகுமா?" என்றார். மகள் உப்பில்லாத குழம்பைப் பார்த்து முகம் சுளித்தாள். ஆனால் எதுவும் சொல்லாமல் எலுமிச்சம்பழத்தை நறுக்கிப் பிழிந்துகொண்டாள். ஊறுகாய் ஜாடிகளை ஓரகத்தியோடு நத்தத்துக்கு அனுப்பப்போனார் இவர். நான்தான் தடுத்தேன். அக்காவுக்கும் நம் வயதுதானே ஆகிறது, இத்தனை உப்பு அவருக்கு மட்டும் ஆகுமா என்றேன்.

காலைச் சமையலில் பாதியை அவர் எடுத்துக்கொண்டார். அவர் ஆய்ந்த கீரையில் மண் நறநறவென்று கடிபடும். தேங்காய் மண்டிக்காரர் வீட்டில் வேர்க்கடலைச் சட்னி, தக்காளிச் சட்னி என்று மாறியதை அவரே மண்டியில் சொல்லிச் சிரித்தாராம். நான் மத்தியானத்துக்கு எடுத்துப்போகும் டிபனில் இப்போது காய்தான் அதிகம், சோறு கொஞ்சம். விடைத்தாள்களை ராத்திரி தொடுவதில்லை.

மருத்துவர் அனுமதித்த பிறகு நடக்கப் போனேன். முதலில் தெருமுனை வரை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, மலைக்கோட்டை வரை. முதல் தடவை அவ்வளவு தூரம் போன அன்று, லேசான ஏற்றத்தில் நின்றுவிட்டேன்.

"என்ன, வலிக்குதா?" என்று பதறினார் இவர்.

"இல்ல. வலிக்கும்னு பாத்துக்கிட்டு நிக்கிறேன். வரல."

தாடையைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. எதிரே மலைக்கோட்டைப் பாறை முழுக்க இளவெயில் பட்டிருந்தது. திண்டுக்கல்லுக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தினமும் கண்ணில் படும் பாறை. அதன் அடிவாரத்தில் வெறுமனே நடப்பதற்காக நான் வந்தது அன்றுதான்.

மகள் ஒரு பிபி மிஷின் வாங்கித் தந்தாள். வீட்டில் இரண்டு பேரும் பார்த்துக்கொள்வதோடு, திங்கட்கிழமைகளில் அதைப் பள்ளிக்கும் எடுத்துப் போனேன். ஆசிரியர் அறையில் முதலில் யாரும் கை நீட்டவில்லை. "எனக்கெல்லாம் ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றார்கள், ஒருவர்பின் ஒருவராக. முதலில் என் கையிலேயே சுற்றிக் காட்டினேன். கணக்கு டீச்சருக்குச் சரியாக இருந்தது. அறிவியல் டீச்சருக்குக் கொஞ்சம் கூடுதல். கடைசியாக விளையாட்டு ஆசிரியை வந்தார். நாளெல்லாம் மைதானத்தில் விசிலோடு ஓடுபவர், எங்களில் ஒல்லியானவர். விளையாட்டாகத்தான் கையை நீட்டினார். எண் அறிவியல் டீச்சருடையதைவிட வெகு மேலே போய் நின்றது.

"ஓடி வந்தேன்ல, அதான்" என்றார்.

"செத்த நேரம் உக்காருங்க. திரும்பப் பாப்போம்."

காலை ஊன்றி, முதுகைச் சாய்த்து உட்காரச் சொல்லி மறுபடி பார்த்தேன். குறையவில்லை. அவர் முகத்தில் இருந்தது பயமில்லை. தன் உடம்பு தன்னிடம் சொல்லாமல் எதையோ செய்துகொண்டிருந்திருக்கிறது என்ற திகைப்பு. அந்த முகம் எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலமே அவரோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சோதித்துவிட்டு மாத்திரை கொடுத்தார்கள். இதயத்தில் ஒன்றும் இல்லை, நேரத்தோடு வந்துவிட்டீர்கள் என்றார்கள். அவருடைய இரண்டு பிரசவங்களில் எதிலாவது பிபி இருந்ததா என்று நான் கேட்டபோது, இரண்டாவதில் இருந்தது, யார் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள் என்றார் விளையாட்டு ஆசிரியை. இப்போது அவர் எண் ஒழுங்காக இருக்கிறது. அப்பளத்தை விட்டதுதான் அவருக்குப் பெரிய துக்கம்.

எங்கள் தலைமையாசிரியை மட்டும் இன்னும் கை நீட்டவில்லை. அவர் கணவருக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் பைபாஸ் ஆனது. அவரைக் கவனிப்பதற்கே நேரம் சரியாக இருக்கிறது, லீவு விடட்டும் டீச்சர், பார்க்கலாம் என்கிறார். நான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் மிஷினைத் தூக்கிக்கொண்டு அவர் அறை வாசலில் போய் நிற்கிறேன்.